மேடு பள்ளமான நிலத்துக்கு ரைடிங் மோவர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வர்ஜீனியாவில், ப்ளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில் ஐந்து ஏக்கர் நிலத்தோடு ஒரு வீடு வாங்கினோம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனபிறகு நம் ஆட்கள் பலர் டவுன்ஹவுஸை விற்றுவிட்டு இப்படிக் கிராமப் பக்கம் வருகிறார்கள். வந்ததும் வாங்கும் முதல் பெரிய சாமான், உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் ரைடிங் மோவர். அதில்தான் ஒரு டீலர் என் தலையில் மிளகாய் அரைத்தார். கடைப் பெயரும் வண்டிப் பெயரும் வேண்டாம். பெயரைச் சொன்னால் அந்த ஒரு கடையை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்த கடையில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கர் போலச் சமதளம். மீதி எல்லாம் ஏற்ற இறக்கம், அடியில் ஒரு சின்னக் குளம். மண் செங்களி, மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். புல் டால் ஃபெஸ்க்யூ. ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு வாரம் விட்டால் முழங்காலைத் தொடும்.

கடைக்குப் போகும் முன்பே சரிவை அளந்துவிட்டேன். இதற்குப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. நான்கடிப் பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கம் தரையில் வைத்து, மறுமுனையைத் தூக்கி, ரசமட்டம் பார்த்துப் பலகையை மட்டமாகப் பிடிக்க வேண்டும். தூக்கிய முனைக்கும் தரைக்கும் நடுவில் உள்ள உயரத்தை டேப்பால் அளந்தால் எட்டரை அங்குலம் என்பது 10 டிகிரி, 13 அங்குலம் என்பது 15 டிகிரி. பெரும்பாலான ரைடிங் மோவர் கையேடுகளில் 15 டிகிரிதான் உச்சவரம்பு. சிலவற்றில் அதற்கும் கீழே. எங்கள் நிலத்தில் பெரும்பகுதி ஒன்பது, பத்து அங்குலத்துக்குள் வந்தது. குளக்கரை மட்டும் 15 அங்குலத்தைத் தாண்டியது.

இந்த அளவுகளையும், பலகை வைத்து எடுத்த படங்களையும் டீலருக்கு மெயிலில் அனுப்பினேன். 'வாரா வாரம் வெட்ட வேண்டியது நான்கு ஏக்கர், அதில் மூன்று ஏக்கர் சரிவு, எந்த வண்டி தாங்கும்?' என்று நேராகவே கேட்டிருந்தேன். அன்று சாயங்காலமே பதில் வந்தது. ஒரு மாடலின் பெயரைச் சொல்லி, 'இது கார்டன் டிராக்டர், மலை நிலத்துக்கென்றே செய்தது, உங்கள் இடமெல்லாம் இதற்கு ஒரு பொருட்டே இல்லை' என்று எழுதியிருந்தார். குளக்கரையும் வெட்டலாமா என்று கேட்டதற்கு 'தாராளமாக' என்றார். இந்த மெயிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கடையில் அவர் பேசியதெல்லாம் 24 எச்.பி., இரட்டை சிலிண்டர் இன்ஜின், 48 அங்குல டெக் (பிளேடுகள் சுழலும் அடிப்பெட்டி), கப் ஹோல்டர். எச்.பி. எண்ணை நம்பி வண்டி வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. மூடியில் ஒட்டியிருக்கும் எண் பல சமயம், வண்டியில் பூட்டாத வெறும் இன்ஜினைச் சோதனைச்சாலையில் ஓட்டி எடுத்த மொத்தக் கணக்கு. புல்வெட்டி இன்ஜின்களின் எச்.பி.யைக் கூட்டிக் காட்டினார்கள் என்று அமெரிக்காவில் போட்ட வழக்குகள் 2010-ல் மில்வாக்கி நீதிமன்றத்தில் 6.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தன. இப்போது பல இன்ஜின்களில் சி.சி. அளவையோ டார்க்கையோதான் எழுதுகிறார்கள். எப்படியானாலும் சரிவில் வண்டி நின்றுபோவது இன்ஜினால் அல்ல. இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும், சக்கரம்தான் சுற்றாது.

காரணம் டிரான்ஸ்மிஷன். கடையில் அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, 'ஆட்டோமேடிக்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். இந்த வண்டிகளில் பெரும்பாலும் ஹைட்ரோஸ்டாட்டிக் என்ற முறை இருக்கும். பெடலை மிதித்தால் ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ளும், அந்த எண்ணெய் ஒரு சின்ன மோட்டாரைச் சுற்றும், மோட்டார் பின் அச்சைச் சுற்றும். ஓட்ட சுகம்தான். ஆனால் மேடேறும்போது எண்ணெய் சூடாகிறது. சூடேறிய நெய் போல நீர்த்துப்போன எண்ணெய் பம்பின் இடுக்குகளில் கசிந்து, அழுத்தம் விழுந்துவிடும். விலை குறைந்த வண்டிகளில் வருவது சின்ன, மூடி சீல் வைத்த பெட்டி. எண்ணெய் மாற்றத் திருகுகூட இருக்காது. மாற்ற வேண்டுமென்றால் முழுப் பெட்டியையும் கழற்றி இறக்க வேண்டும். சமதளத்தில் ஓர் ஏக்கர் வெட்ட அது போதும். மூன்று ஏக்கர் சரிவில் வாரா வாரம் ஏறி இறங்கினால் வெந்துபோகும்.

எனக்கு அதுதான் நடந்தது. முதல் சில வாரம் வண்டி நன்றாகவே ஓடியது. மே மாத நடுவில் புல் அடர்ந்ததும், அரை மணி நேரம் ஓடிய பிறகு மேட்டில் வேகம் குறைய ஆரம்பித்தது. அப்புறம் ஒரு நாள் பெடலை அடிவரை மிதித்தும் வண்டி நடு மேட்டில் நின்றது. இன்ஜின் முழு வேகத்தில் கத்துகிறது, பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல், பிறகு மெல்ல மெல்லப் பின்னோக்கி உருளத் தொடங்கியது. பிரேக்கை மிதித்து, பிளேடை அணைத்துவிட்டு இறங்கினேன். சீட்டுக்கு அடியில் டிரான்ஸ்மிஷன் மேல் இருக்கும் விசிறி சுத்தமாகத்தான் இருந்தது, புல் அடைப்பு எதுவும் இல்லை. பெட்டியின் பக்கத்தில் கை கொண்டுபோக முடியாத சூடு. ஒரு மணி நேரம் ஆறவிட்டு ஏறினால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது.

டீலரை அழைத்தேன். வந்து ஏற்றிப் போனார்கள், அதற்குக் கூலி தனி. பத்து நாள் கழித்து 'கோளாறு எதுவும் காணப்படவில்லை' என்று சீட்டோடு திருப்பிக் கொண்டுவந்தார்கள், சோதனைக் கட்டணமும் தனி. எப்படிச் சோதித்தீர்கள் என்றால், கடைக்கு முன்னால் கார் நிறுத்தும் தார்த்தளத்தில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தார்களாம். ஆறிய வண்டி, சமதளம், வெட்டப் புல்லும் கிடையாது. என்ன கோளாறு தெரியும்? 'ஒருவர் என்னோடு வந்து மேட்டில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்' என்றேன். ஆள் இல்லை என்றார்கள்.

ஜூன் மாதம் அது மேட்டை அறவே மறுத்தது. மறுபடியும் கூலி கொடுத்து ஏற்றி அனுப்பினேன். இம்முறை சர்வீஸ் மேனேஜர் போன் செய்தார். டிரான்ஸ்மிஷன் போய்விட்டது, புதிது போட கூலியோடு ஏறக்குறைய 1,400 டாலர், வாரண்டியில் வராது என்றார். ஏன்? 'நீங்கள் 15 டிகிரிக்கு மேல் சரிவில் ஓட்டியிருக்கிறீர்கள், கையேட்டில் தடை செய்திருக்கிறது, இது தவறான பயன்பாடு.' ஆதாரம் என்ன என்று கேட்டால், வாங்கும் முன் நான் அனுப்பிய அதே படங்கள்! குளக்கரைப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறார். கையேடு கைக்கு வந்ததும் வரம்பைப் படித்துவிட்டு, விற்றவர் 'தாராளமாக' என்றிருந்தும் குளக்கரைப் பக்கமே நான் வண்டியைக் கொண்டுபோகவில்லை. அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். விற்றவரே வந்து, பழையதை 900 டாலருக்கு எடுத்துக்கொள்கிறேன், மேலே போட்டு ஒரு ஜீரோ டர்ன் (நின்ற இடத்திலேயே திரும்பும் மோவர்) வாங்கிக்கொள்ளுங்கள், அதில் டிரான்ஸ்மிஷன் பெரிது என்றார். மேட்டு நிலம், அடியில் குளம் என்று தெரிந்த ஆளிடம் இதைச் சொல்கிறார். சாதாரண ஜீரோ டர்னில் முன்சக்கரங்கள் ஷாப்பிங் வண்டிச் சக்கரம் மாதிரி தானாகத் திரும்புபவை, அவற்றில் ஸ்டியரிங் கிடையாது. திருப்புவது, நிறுத்துவது எல்லாம் பின்சக்கரங்கள்தான். ஈரப்புல்லில் பின்சக்கரம் பிடி விட்டால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. பக்கத்துப் பண்ணையில் இருக்கும் பெரியவர், காலமெல்லாம் மாடு வளர்த்தவர், இதைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டிவிட்டு, 'நீச்சல் தெரியுமா என்று கேட்டாரா?' என்றார்.

சட்டம் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இதை நம் ஆட்கள் அதிகம் அறிவதில்லை. லூசியானா நீங்கலாக எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்ட, யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடு என்ற வணிகச் சட்டத்தின் விற்பனைப் பகுதியில் 2-315 என்று ஒரு பிரிவு இருக்கிறது. நீங்கள் இன்ன வேலைக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்று விற்பவருக்குத் தெரிந்து, அவருடைய அனுபவத்தை நம்பியே நீங்கள் பொருளைத் தேர்ந்தெடுத்தால், அந்த வேலைக்கு அது ஏற்றது என்ற உத்தரவாதம் தானாகவே வந்துவிடும். வாரண்டிப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கத் தேவையில்லை. 'இருக்கும் நிலையில் விற்கப்படுகிறது' என்று எழுதி விற்பவர் இதைத் தட்டிக்கழிக்கலாம்தான். ஆனால் 1975-ல் வந்த மேக்னுசன்-மாஸ் சட்டப்படி, கடையே எழுத்தில் வாரண்டி கொடுத்தாலோ, விற்ற 90 நாளுக்குள் உங்களோடு சர்வீஸ் ஒப்பந்தம் போட்டாலோ, அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. இந்தக் கடைக்காரர் ஆசைப்பட்டு, தன் கடைப் பெயரிலேயே ஒரு சர்வீஸ் ஒப்பந்தத்தையும் என் தலையில் கட்டியிருந்தார்.

வர்ஜீனியாவில் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டின் வரம்பு 5,000 டாலர், அங்கே இரண்டு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. முதலில் மெயிலின் நகல், அளவுகள், சீட்டுகள் எல்லாம் வைத்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. வழக்குப் பதிந்து சம்மன் போனதும் கடை முதலாளியே போன் செய்தார். குரல் தேன் மாதிரி.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், கடையில் குனிந்து வண்டியின் பின்புறம் பாருங்கள். பின் டயர் 20 அங்குலமா, 23 அங்குலமா? இருபது என்றால் பெரும்பாலும் உள்ளே இருப்பது சின்னப் பெட்டி. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் போனில் படம் பிடித்து, அதைச் செய்த கம்பெனியின் விவரத்தாளில் எவ்வளவு எடை, எவ்வளவு பெரிய டயர் வரை தாங்கும் என்று தேடுங்கள். 'கார்டன் டிராக்டர்' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் ஆயிற்றா? வாரண்டியில் கலப்பை போல மண்ணைக் கிளறும் கருவி பூட்ட அனுமதி உண்டா என்று கேளுங்கள். கூடாது என்று இருந்தால் அது வெறும் லான் டிராக்டர், விலைதான் கார்டன் டிராக்டர். டிஃபரென்ஷியல் லாக் இருந்தால் ஒரு சக்கரம் சறுக்கினாலும் மற்றது பிடிக்கும். செங்களி நிலத்துக்கு இது எச்.பி.யைவிடப் பத்து மடங்கு பயன். இன்ஜினில் ஆயில் ஃபில்டரோடு பிரஷர் முறையில் எண்ணெய் போகிறதா என்றும் பாருங்கள், தெளிப்பு முறை இன்ஜின் சரிவில் சாய்ந்தே ஓடினால் எண்ணெய் சரியாகப் போய்ச் சேராது. டிராக்டர் வகையைச் சரிவில் மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டினால் கவிழும். கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்றும் ரோப்ஸ் கம்பி இருக்கிற வண்டியில் அதை நிமிர்த்தி, பெல்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் இப்போது ஓட்டுவது, அந்தப் பெரியவர் சொல்லி ஒரு வீட்டில் வாங்கிய பழைய கார்டன் டிராக்டர். பெயின்ட் எல்லாம் போயிருக்கிறது, 23 அங்குல டயர், டிஃபரென்ஷியல் லாக் உண்டு. வெயிலில் மூன்று ஏக்கர் மேட்டையும் ஒரே மூச்சில் முடிக்கிறது. குளக்கரையை நான் வெட்டுவதே இல்லை, வருடத்துக்கு இரண்டு தடவை அவர் தன் பெரிய டிராக்டரில் நீளக் கை வைத்த வெட்டும் கருவியைப் பூட்டி, எட்டும் மட்டும் அடித்துக் கொடுக்கிறார். மீதியில் காட்டுப்பூ வளர்கிறது, வீட்டில் அவளுக்கு அதில் சந்தோஷம்.

டீலர் விஷயம்: விசாரணைத் தேதிக்கு முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு முழு விலையும் சர்வீஸ் ஒப்பந்தப் பணமும் செக்காகத் தந்தார்கள், நான் வழக்கை வாபஸ் வாங்கினேன். ஏற்றிப்போன கூலியையும், தார்த்தளத்தில் இரண்டு சுற்று ஓட்டியதற்கான கட்டணத்தையும் மட்டும் தர முடியாது என்று கடைசிவரை நின்றார்கள். அந்தச் சீட்டுகளின் நகலோடு மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கு ஒரு புகார் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.