எண்ணா, பெயரும் ஆண்டுமா? தொழில்நுட்ப அறிக்கையில் சான்று காட்டும் முறைகள்: ஓர் ஒப்பீடு

தொழில்நுட்ப அறிக்கை எழுதுகிற பலரும் சான்றுப் பட்டியலைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைத்துவிடுகிறார்கள். அப்புறம் குழுவில் ஒருவர் "ஐஇஇஇ முறையில் போடு" என்பார், இன்னொருவர் "ஏபிஏதான் பார்க்கச் சுத்தமாக இருக்கும்" என்பார், கடைசியில் இரண்டும் கலந்த ஒரு பட்டியல் வெளியே போகும். (ஐஇஇஇ என்பது மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பின் எண் முறை, ஏபிஏ என்பது அமெரிக்க உளவியல் சங்கத்தின் பெயர்–ஆண்டு முறை.) உங்கள் நிறுவனமோ பல்கலைக்கழகமோ இதழோ ஒரு முறையைச் சொல்லியிருந்தால் பேச்சே இல்லை, அதையே பின்பற்றுங்கள். தேர்வு உங்கள் கையில் இருந்தால் இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும் என்பது என் கருத்து: உங்கள் சான்றுகளில் பெரும்பாலானவை எப்படிப்பட்டவை, அறிக்கை இன்னும் எத்தனை தடவை மாறப்போகிறது.

முதலில் ஒரே சான்றை இரண்டு முறையிலும் எழுதிப் பார்த்துவிடலாம். தகவல் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்ட கிளாட் ஷானனின் 1948 கட்டுரையை எடுத்துக்கொள்வோம். ஐஇஇஇ முறையில் வாக்கியத்தில் [1] என்று மட்டும் போட்டால் போதும், பட்டியலில் இப்படி வரும்:

[1] சி. இ. ஷானன், "எ மேதமேட்டிகல் தியரி ஆஃப் கம்யூனிகேஷன்," பெல் சிஸ்ட். டெக். ஜ., தொகுதி 27, எண் 3, பக். 379–423, ஜூலை 1948.

ஏபிஏ முறையில் வாக்கியத்துக்குள்ளேயே (ஷானன், 1948) என்று வரும். பட்டியலில்:

ஷானன், சி. இ. (1948). எ மேதமேட்டிகல் தியரி ஆஃப் கம்யூனிகேஷன். பெல் சிஸ்டம் டெக்னிக்கல் ஜர்னல், 27(3), 379–423.

விவரங்கள் ஏறக்குறைய அதேதான். ஏபிஏ பட்டியல் அகர வரிசையில் இருப்பதால் குடும்பப் பெயர் முன்னால் வருகிறது, வாசகர் பெயரையும் ஆண்டையும் வைத்துத் தேடுவார் என்பதால் ஆண்டு பெயருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஐஇஇஇ பட்டியலில் எண்ணை வைத்துத்தான் தேடப்போகிறார்கள், ஆகவே ஆண்டு கடைசிக்குப் போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இந்தக் காரணம் புரிந்துவிட்டால் காற்புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இன்னொன்று, ஷானனின் கட்டுரை ஜூலையிலும் அக்டோபரிலும் இரண்டு பகுதிகளாக வந்தது. தனித்தனியாகச் சுட்டினால் ஏபிஏயில் 1948அ, 1948ஆ என்று பிரிக்க வேண்டும், எண் முறையில் இன்னொரு எண் கொடுத்தால் வேலை முடிந்தது.

பெயர்–ஆண்டு முறையின் பெரிய பலம், சான்றின் வயது படிக்கிற இடத்திலேயே தெரிந்துவிடுவது. ஒரு பேட்டரியின் ஆற்றல் அடர்த்தி இவ்வளவு என்று எழுதி, பக்கத்தில் 2009 என்று ஆண்டு இருந்தால் அந்தத் துறை தெரிந்தவர் உடனே புருவத்தை உயர்த்துவார். [14] என்று இருந்தால் பெரும்பாலும் கடந்து போய்விடுவார், ஏனென்றால் ஒவ்வொரு எண்ணுக்கும் கடைசிப் பக்கத்துக்குப் போய்த் திரும்புகிற பொறுமை யாருக்கும் இல்லை. வேகமாக மாறுகிற துறையில் ஆய்வுக் கட்டுரைகளை நம்பி எழுதும் அறிக்கை என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஏபிஏ பக்கம் சாய்வேன். நடுவில் புதிதாக ஒரு சான்றைச் சேர்த்தாலும் மற்றவை அசையாது என்பது கூடுதல் நிம்மதி.

ஆனால் பொறியியல் அறிக்கைகளில் சான்றுகள் பலவும் கட்டுரைகளே அல்ல. தர நிர்ணய ஆவணங்கள், உதிரிபாகத்தின் டேட்டாஷீட்டுகள், இயந்திரக் கையேடுகள், சோதனை அறிக்கைகள் என்றுதான் இருக்கும். இங்கே பெயர்–ஆண்டு முறை திணறுகிறது. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிறுவனத்தின் நீளமான பெயர் வந்து வாக்கியத்தை நடுவில் உடைக்கும். டேட்டாஷீட்டில் ஆண்டே இல்லையென்றால் 'ஆண்டு இல்லை' என்று போட வேண்டும், அதே தயாரிப்பாளரின் ஆண்டில்லாத ஆவணங்கள் மூன்று இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்தையும் ஒட்ட வேண்டும். ஒரே பத்தியில் நான்கு ஆவணங்களைச் சுட்டினால் விஷயத்தைவிட அடைப்புக்குறிதான் அதிகமாகத் தெரியும். எண் முறையில் [3], [5]–[7] என்பதோடு முடிந்துவிடும்.

எண் முறையின் பலவீனம் எண்ணை மாற்றுவதில்தான். முதல் பக்கத்தில் ஒரு சான்றைப் புதிதாக நுழைத்தால் பின்னால் வரும் அத்தனையும் ஒன்று நகர வேண்டும். கையால் எண் போட்டிருந்தால் எங்காவது ஒன்று விட்டுப்போகும், விட்டுப்போனது கண்ணுக்கும் தெரியாது, [8] என்பதும் [9] என்பதும் பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கின்றன. தவறான பெயர் துருத்திக்கொண்டு நிற்கும், தவறான எண் சத்தமில்லாமல் அப்படியே அச்சேறிவிடும். அதனால்தான் எண் முறையைக் கையால் செய்யவே கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். மென்பொருளிலும் ஒரு கண்ணி உண்டு: ஆவணங்களை அச்சுக்கு வடிவமைக்கும் லேடெக்கில், தோன்றும் வரிசையில் எண்ணிடும் ஸ்டைலை வைத்துக்கொண்டு, படத்தின் தலைப்புக்குள் சான்றைப் போட்டு, முன்பக்கத்தில் படங்களின் பட்டியலும் வைத்தால், எண்ணிக்கை அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்கிவிடும், முதல் அத்தியாயம் [4] என்று ஆரம்பிக்கும். படத்துக்குச் சான்றில்லாத குறுந்தலைப்பு ஒன்றையும் தனியாகக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

வான்கூவர் முறையும் எண் குடும்பம்தான். 1978-இல் வான்கூவரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்கள் வகுத்தது, மருத்துவத்தோடு தொடர்பில்லாத அறிக்கைக்கு அதைத் தேடிப்போக வேண்டியதில்லை. ஹார்வர்ட் என்ற பெயர்–ஆண்டு முறையைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் கவனம். ஏபிஏக்கு ஓர் அதிகாரபூர்வக் கையேடு இருப்பதுபோல ஹார்வர்டுக்கு ஒரே உரிமையாளர் கிடையாது. நிறுவனத்துக்கு நிறுவனம் காற்புள்ளியும் அடைப்புக்குறியும் மாறும், அதனால் மாதிரி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சிகாகோ கையேட்டின் அடிக்குறிப்பு முறை வரலாற்று எழுத்துக்கு அருமையானது, தொழில்நுட்ப அறிக்கைக்கு வேண்டாம் என்பேன். மீட்டருக்குப் பக்கத்தில் மேலெழுத்தாக ஒரு 3 வந்தால் அது அடிக்குறிப்பா, அடுக்கா? சமன்பாடுகளும் அலகுகளும் நிறைந்த பக்கத்தில் இந்தக் குழப்பத்தை நாமே வரவழைத்துக்கொள்ள வேண்டாமே. (சிகாகோவில் பெயர்–ஆண்டு வகையும் உண்டு, அதற்கு இந்தத் தொல்லை இல்லை.)

ஆக, சான்றுகளில் பாதிக்கு மேல் தரநிலைகளும் கையேடுகளும் என்றால் ஐஇஇஇ, பாதிக்கு மேல் ஆய்வுக் கட்டுரைகள் என்றால் ஏபிஏ. இரண்டும் சமமாக வந்து, அறிக்கை பல கை மாறித் திருத்தப்படும் என்றால், வரைவு முழுக்க பெயர்–ஆண்டில் ஓடட்டும், வெளியே அனுப்பும்போது எண்ணுக்கு மாற்றுங்கள். மென்பொருளில் அது ஒரு கிளிக்.

எந்த முறையை எடுத்தாலும் பதிப்பையும் உட்பிரிவையும் விடாதீர்கள். முறையைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள்கூட இதைக் கோட்டைவிடுகிறார்கள். தர மேலாண்மைத் தரநிலையை வெறுமனே ஐஎஸ்ஓ 9001 என்று எழுதினால் எந்தப் பதிப்பு? 2008 பதிப்பில் ஆவணக் கட்டுப்பாடு 4.2.3-இல் இருந்தது, 2015 பதிப்பில் 7.5-க்குப் போய்விட்டது. பழைய உட்பிரிவு எண்ணோடு புதிய பதிப்பைச் சுட்டினால், சரிபார்க்கப் போகிறவர் வேறெதையோ படித்துக்கொண்டிருப்பார். ஏபிஏயில் பக்க எண்ணை அடைப்புக்குறிக்குள் சேர்க்கும் பழக்கம் பலருக்கும் தெரியும், ஐஇஇஇயிலும் [3, பக். 12] என்று எழுத இடமுண்டு, அதைப் பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. நூறு பக்கக் கையேட்டுக்கு வெறும் [3] போடுவது வாசகரைக் காட்டில் விட்டுவிட்டு வருவது மாதிரி.

இணையச் சான்றுகளில், டிஓஐ (ஆவணத்துக்குத் தரப்படும் நிலையான அடையாள எண்) இருந்தால் அதைத்தான் கொடுக்க வேண்டும். 10 என்று தொடங்கும் அந்த எண், பதிப்பாளர் தளத்தை மாற்றினாலும் முகவரியைப் புதுப்பித்துக்கொள்ள வழி செய்கிறது. சாதாரண இணைப்புக்கு அந்த வசதி இல்லை. டிஓஐ இல்லாத வலைப்பக்கத்துக்கு ஐஇஇஇ பார்த்த தேதியைக் கேட்கிறது, ஏபிஏ மாறிக்கொண்டே இருக்கும் பக்கங்களுக்கு மட்டும் கேட்கிறது. இதில் நான் ஐஇஇஇ கட்சி. தேதியைப் போடுங்கள், கூடவே வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் ஒரு பிரதியையும் சேமித்துவிடுங்கள்.

கருவிகளில் வேர்டில் எழுதுகிறவர்களுக்குச் சான்றுகளைச் சேமித்துப் பட்டியலிடும் ஜோட்டெரோ போதும், இலவசம், ஆயிரக்கணக்கான ஸ்டைல்கள் கிடைக்கின்றன. லேடெக்கில் எழுதுகிறவர்களுக்கு அதே வேலையைச் செய்யும் பிப்டெக். ஆனால் பிப்டெக்கில் நிறுவனப் பெயரை இரட்டை நெளிவு அடைப்புக்குள் போடாவிட்டால் அது கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும், உலக சுகாதார நிறுவனம் 'டபிள்யூ. ஹெச். ஆர்கனைசேஷன்' என்ற ஒரு தனிநபராக மாறிவிடும். தலைப்பில் உள்ள டிஎன்ஏ போன்ற சுருக்கங்களுக்கும் அடைப்பு வேண்டும், இல்லாவிட்டால் பல ஸ்டைல்களில் அவை சின்ன எழுத்துக்குப் போய்விடும். ஜோட்டெரோ இணையத்திலிருந்து இழுத்துவரும் விவரங்களிலும் ஆண்டு, பக்க எண், ஆசிரியர் வரிசை மூன்றையும் மூல ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். செயற்கை நுண்ணறிவு கொடுத்த சான்று என்றால் ஒப்பிடுவதற்கு முன்னால் அப்படி ஒரு ஆவணம் இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும், இல்லாத கட்டுரைக்கும் அது நம்பும்படியான தலைப்பும் பக்க எண்ணும் தரும்.

அனுப்புவதற்கு முன் இரண்டு திசையிலும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்: உள்ளே சுட்டியதெல்லாம் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ளதெல்லாம் உள்ளே சுட்டப்பட்டிருக்கிறதா. படித்தேன், ஆனால் எங்கும் சுட்டவில்லை என்ற நூல்களுக்கு இந்த இரண்டு முறையின் பட்டியலிலும் இடம் கிடையாது, வேண்டுமானால் துணைநூற்பட்டியல் என்று தனியாகக் கொடுங்கள்.