ரோலர் கோஸ்டர் ரயிலுக்கு வண்ணம் பூசக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு சிறிய பொழுதுபோக்குப் பூங்காவில் சவாரிகளின் பராமரிப்பு என் பொறுப்பு. எங்கள் குடும்ப ரோலர் கோஸ்டரின் ஆறு பெட்டி ரயிலுக்குப் புதிதாக வண்ணம் பூசும் வேலையைச் சென்ற ஆண்டு ஓர் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்து ஏமாந்தோம். பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்தப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்ததைக் கண்ட நாளின் நடுக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எங்கள் உரிமையாளர் அபுதாபியில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஃபார்முலா ரோசா என்ற ரோலர் கோஸ்டரில் ஏறிவிட்டு வந்தவர். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் அந்த ரயிலின் சிவப்பு அவர் மனத்தில் பதிந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் உள்ளங்கை அளவுள்ள இரும்புத் தகட்டில் பளபளக்கும் சிவப்பைப் பூசி எடுத்துவந்து, அலுவலக மேசையில், குழல் விளக்கின் கீழே காட்டினார். நிறங்களுக்கு எண் கொடுக்கும் ரால் அட்டவணையில் அது 3020 என்றார். விலைப்புள்ளியில் ‘இரண்டு பாகப் பாலியூரித்தேன், மேலே கிளியர் கோட்’ என்று எழுதியிருந்தார்; அதாவது ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து பூசும் பெயின்ட், அதன் மேல் நிறமற்ற பூச்சு. நான் சம்மதித்துவிட்டேன். ரால் எண் நிறத்தை மட்டுமே குறிக்கும், டப்பாவுக்குள் இருப்பது எந்த வகைப் பெயின்ட் என்பதை அது சொல்லாது என்பதை அப்போதே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். குழல் விளக்கில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சிவப்புகள் வெயிலில் வெவ்வேறாகத் தெரியலாம் என்பதும், சிறு தகட்டில் கண்ணைப் பறிக்கும் பளபளப்பு, பெட்டிகளின் வளைந்த ஃபைபர் உடலில் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும் என்பதும் அன்று என் கவனத்தில் இல்லை.

மார்ச்சில் வேலை முடிந்தது. கத்திரி வெயில் கழிவதற்குள் சிவப்பு வெளிறி, தடவிய விரலில் இளஞ்சிவப்புப் பொடி ஒட்டியது. பயணிகள் கைபடும் விளிம்புகளில் பூச்சு ஏடு ஏடாக உரிந்து, அடியில் பழைய மேற்பரப்பு சிறிதும் உப்புத்தாள் படாமல் மின்னியது. பல ஆண்டுகளாக நாங்கள் தடவிவந்த மெழுகுப் பாலிஷைக்கூடத் துடைக்காமல் அதன் மேலேயே பூசியிருக்கிறார்கள். தின்னரில் நனைத்த துணியால் நான் நாலைந்து முறை தேய்த்தபோது நிறம் முழுவதும் துணிக்கு வந்துவிட்டது. ஹார்டனர் கலந்து நன்றாக இறுகிய பாலியூரித்தேன் அப்படிக் கரையாது. காட்டிய தகட்டில் ஒரு பெயின்ட், ரயிலில் பூசியது வேறொரு மலிவான பெயின்ட். அவர் கொடுத்த தடிமன் அறிக்கையில் ஃபைபர் உடலுக்கு 120 மைக்ரான் என்றிருந்தது. அவர் கையில் இருந்ததோ இரும்பின் மேல் மட்டுமே வேலை செய்யும் காந்தக் கருவி. ஃபைபரின் மேல் அது எந்த அளவையும் காட்டாது.

வண்ணம் வெளுத்தது பெரிதில்லை. அடுத்து வந்த ஆண்டுச் சோதனையில், காந்தத் துகள் கொண்டு விரிசல் பார்ப்பதற்காக, இரும்புச் சட்டத்தின் வெல்டிங் இடங்களில் பெயின்டைச் சுரண்டினோம். மூன்றாவது பெட்டியில், அச்சைத் தாங்கும் இடத்தில், பெயின்டுக்குக் கீழே, பள்ளத்தை நிரப்பி மறைக்கும் பட்டிப் பூச்சு இருந்தது. பட்டியை எடுத்ததும் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். வேலைக்கு முன் நான் எடுத்துவைத்த படத்தில் அதே இடத்தில் மெல்லிய துருக்கோடு மட்டும் தெரிகிறது, பட்டி இல்லை. விரிசலின் முதல் அடையாளமே அந்தத் துருக்கோடுதான். அழகு கெடுகிறதென்று அதை மூடிவிட்டார்கள், அந்தப் பெட்டியில் பல மாதங்கள் குழந்தைகள் உட்கார்ந்து சென்றிருக்கிறார்கள்.

ஒப்பந்தக்காரரைக் கேட்டபோது, “கடற்காற்று அப்படித்தான் செய்யும்” என்றார். உப்புக்காற்று கொடியதுதான், மறுக்கவில்லை. ஆனால் தயாரிப்பாளர் பூசி அனுப்பிய முதல் பூச்சு இதே காற்றில் பல ஆண்டுகள் நின்றது. பட்டியைக் காற்று கொண்டுவந்து அப்பவும் இல்லை. பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

இந்த வேலையை வெளியே கொடுப்பவர்கள் நிறமாதிரியை ஃபைபர் துண்டிலேயே பூசித் தரச் சொல்லி, நடுப்பகல் வெயிலில் பாருங்கள். பெயின்ட், ஹார்டனர் டப்பாக்கள் உங்கள் கண்முன் திறக்கப்படட்டும். அவற்றின் தொகுதி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மெட்டாலிக் பூச்சு கேட்பவர்கள், பின்னாளில் ஒரு பெட்டியை மட்டும் சரிசெய்தால் அது தனித்துத் தெரியும் என்பதை உரிமையாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். பளபளப்பில்லாத மேட் பூச்சில் தலையெண்ணெயும் கைக்கறையும் படிந்தால் பாலிஷ் போட்டு எடுக்கவும் முடியாது. இரும்புச் சட்டத்தில் பட்டி கூடவே கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பிரேக் உரசும் தகடுகளையும் பாக எண் பொறித்த தகடுகளையும் மறைத்த பிறகே தெளிப்பான் இயங்க வேண்டும்.

எங்கள் ரயிலின் இரும்புச் சட்டம் இப்போது வெல்டிங் முடிந்து, மறுசோதனையும் முடிந்து, வெளிர் சாம்பல் நிறத்தில் நிற்கிறது. அதன் மேல் துரு கசிந்தால் தூரத்திலிருந்தே தெரியும். உடலுக்கான நிறம் இன்னும் முடிவாகவில்லை. மூன்று ஃபைபர் துண்டுகள் கடலைப் பார்த்தபடி மொட்டைமாடியில் காய்கின்றன. அடுத்த கத்திரி முடிந்த பிறகு அவற்றை உரிமையாளரிடம் எடுத்துச் செல்வேன்.