டாக்கர் கம்போஸில் லோக்கல் டெவலப்மென்ட்: நாள்பட்ட பயன்பாட்டுக்குப் பிறகு

டாக்கர் கம்போஸ் என்பது பல கன்டெய்னர்களை (தனித்தனி அடைப்புக்குள் ஓடும் மென்பொருள்கள்) ஒரே ஃபைலில் எழுதி ஓட்டும் கருவி. டேட்டாபேஸையும் ரெடிஸையும் (டேட்டாவை மெமரியில் வைக்கும் ஸ்டோர்) லோக்கலில், அதாவது உங்கள் மெஷினிலேயே, ஓட்ட அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஆப் கோடையும் கன்டெய்னருக்குள் போடுவதில்தான் யோசனை வேண்டும். நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் தளம்) ப்ராஜெக்டில் தினமும் கோட் எழுதுபவருக்கு என் பரிந்துரை: போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்), ரெடிஸ் கன்டெய்னரில்; ஆப் நேராக மெஷினில். நோட் வெர்ஷனை மட்டும் என்விஎம் (நோட் வெர்ஷனை மாற்றித்தரும் கருவி) ஃபைலில் எழுதி, ரெப்போவில் கமிட் செய்துவிடுங்கள்.

காரணம், ஃபைல் மவுன்ட் (பைண்ட் மவுன்ட்), அதாவது மெஷினிலுள்ள ஃபோல்டரைக் கன்டெய்னருக்குள் தெரியவைப்பது. லினக்ஸில் பைண்ட் மவுன்ட்டால் வேகம் குறைவதே தெரியாது. மேக்கிலும் விண்டோஸிலும் டாக்கர் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடுகிறது. ஒவ்வொரு ஃபைலையும் படிக்க அதைத் தாண்டிப் போய்வர வேண்டும். நோட் மாட்யூல்ஸில் (ப்ராஜெக்டின் லைப்ரரிகள் இருக்கும் ஃபோல்டர்) குவிந்திருக்கும் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களில்தான் அடி பலமாக விழும். விண்டோஸில் ப்ராஜெக்ட் சி டிரைவில் இருந்தால் இன்னொரு தொல்லை: ஃபைல் மாறிய தகவல் டபிள்யூஎஸ்எல் 2-க்குள் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) போய்ச் சேராது, ஹாட் ரீலோட் (கோட் மாறியதும் ஆப் தானே புதுப்பித்துக்கொள்வது) அசையாது. போலிங் (ஃபைல் மாறியதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது) போட்டால் வேலை நடக்கும், ஆனால் சிபியுவைத் தின்னும். ப்ராஜெக்டை டபிள்யூஎஸ்எல்லின் ஹோம் ஃபோல்டரில் க்ளோன் செய்வதே சரி.

ஆப்பும் கன்டெய்னரில்தான் வேண்டுமென்றால் நோட் மாட்யூல்ஸுக்குத் தனி வால்யூம் (டாக்கரே வைத்துக்கொள்ளும் சேமிப்பிடம்) கொடுங்கள். இல்லையேல் மெஷினிலுள்ள ஃபோல்டர் அதன் மேல் வந்து உட்கார்ந்துவிடும். மேக்குக்காக பில்ட் ஆன நேட்டிவ் மாட்யூல் லினக்ஸில் லோட் ஆகாது. டெவ் சர்வரும் 127.0.0.1-க்குப் பதில் 0.0.0.0-ல் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பிரவுசருக்கு எட்டாது.

இனி டேட்டாபேஸ். 'டிபெண்ட்ஸ் ஆன்' (அது கிளம்பிய பிறகே இது) என்று மட்டும் எழுதினால் கம்போஸ் கன்டெய்னர் கிளம்பியதைத்தான் பார்க்கும். உள்ளே போஸ்ட்கிரெஸ் தயாரா என்று பார்க்காது. முதல் முறை ஏற்றும்போது மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அட்டவணைகளை அமைக்கும் ஸ்கிரிப்ட்) 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்று விழுவது இதனால்தான். போஸ்ட்கிரெஸ் இமேஜிலேயே இருக்கும் 'பிஜி இஸ்ரெடி' கமாண்டை ஹெல்த்செக்காக (தயாரா என்று பார்க்கும் சோதனை), 5 விநாடி இடைவெளியில் 10 முறை முயலும்படி வையுங்கள். மைக்ரேஷன் சர்வீஸின் கண்டிஷனை 'சர்வீஸ் ஹெல்தி' என்று மாற்றினால் பெரும்பாலும் பிரச்சினை தீரும்.

மெஷினில் ஏற்கெனவே போஸ்ட்கிரெஸ் இருந்தால் 5432 போர்ட் மோதும். 5433:5432 (மெஷின்:கன்டெய்னர்) என்று மேப் செய்யுங்கள். மெஷினில் ஓடும் ஆப் லோக்கல்ஹோஸ்ட் 5433-ஐப் பிடிக்கும். இன்னொரு கன்டெய்னர் என்றால் சர்வீஸ் பெயரும் 5432-ம்தான். கனெக்ஷன் ஸ்ட்ரிங்கில் அதிகம் குழப்புவது இதுதான்.

என்வ் ஃபைலில் (செட்டிங்ஸ் எழுதும் ஃபைல்) பாஸ்வேர்டை மாற்றினாலும் உள்ளே பழையதே இருக்கும். பாஸ்வேர்டு அமைப்பது, இனிட் ஸ்கிரிப்ட் ஓடுவது எல்லாம் டேட்டா ஃபோல்டர் காலியாக இருக்கும்போது மட்டுமே. 'ஆல்டர் யூசர்' என்ற எஸ்க்யூஎல் கமாண்டைக் கொடுத்து மாற்றலாம். வால்யூமை அழித்தும் தொடங்கலாம். 'டவுன்' கமாண்டோடு 'வி' சேர்த்தால் டேட்டா முழுக்கப் போய்விடும் என்பதை ரீட்மியில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' டேக் வேண்டவே வேண்டாம். மேஜர் வெர்ஷன் மாறினால் பழைய டேட்டா ஃபோல்டரைப் போஸ்ட்கிரெஸ் திறக்காது. 18-ம் வெர்ஷன் இமேஜில் வால்யூம் மவுன்ட் செய்யும் பாதையும் மாறிவிட்டது. 16 அல்லது 17 என்று எண்ணைக் கொடுத்து நிறுத்துங்கள். வெர்ஷனை ஏற்றும்போது முதலில் டம்ப் (டேட்டாவின் நகல்) எடுத்து, புது வால்யூமில் ரீஸ்டோர் செய்யுங்கள்.