ஆம்ப்ளிஃபயரா, யாகியா: போட்டிக்கு எது முதலில்?

அமெச்சூர் ரேடியோ (ஹாம்) போட்டிக்கு 100 வாட் ரேடியோவும் ஒரு டைபோலும் (எளிய கம்பி ஆன்டெனா) கைவசம் இருக்கின்றன. அடுத்து கையில் சேரும் பணத்தை எதில் போடுவது, அனுப்பும் சக்தியைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயரிலா, ஒரே திசையில் குவிக்கும் யாகி ஆன்டெனாவிலா?

கணக்குப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. 100 வாட்டை 400 ஆக்கினால் 6 டெசிபெல் கூடும். எதிர்முனை மீட்டரில் அது ஒரு எஸ் யூனிட், அதாவது சிக்னல் பலத்தில் ஒரு படி. மூன்று எலிமென்ட் யாகியும் டைபோலைவிட ஏறக்குறைய 5, 6 டெசிபெல் தரும். ஆனால் ஆம்ப்ளிஃபயர் நம் குரலைத்தான் பெரிதாக்கும், காதைக் கூர்மையாக்காது. நம் சிக்யூ (யாராவது பதில் சொல்லுங்கள் என்ற பொது அழைப்பு) தூரத்தில் நன்றாகக் கேட்டு, திரும்பக் கூப்பிடுகிறவர் இரைச்சலில் மூழ்கிப்போனால் ஒரு பாயின்ட்டும் தேறாது. யாகி அந்தப் பலவீனமான ஆளையும் மேலே தூக்கும். பின்பக்கத்துச் சத்தத்தையும் அடக்கும்.

இன்னொன்று, சிக்யூ வேர்ல்ட்வைட் என்ற உலகளாவிய ஹாம் போட்டியில் 100 வாட்டைத் தாண்டினால், அதிக சக்திக்காரர்களோடு மோதும் ஹை பவர் பிரிவுதான். யாகி போட்டால் பிரிவு மாறாது.

சரி, யாகியில் தலைவலியே இல்லையா? நிறைய இருக்கிறது. டவர், ஆன்டெனாவைச் சுழற்றும் ரோட்டேட்டர், காற்று, அக்கம்பக்கத்தாரின் முணுமுணுப்பு. திசை மாற்ற பாதிச் சுற்று சுற்றுவதற்குள் அரை நிமிடம் ஓடிவிடும். அந்த நேரத்தில் ஒரு அரிய மல்டிப்ளையர் (மொத்த மதிப்பெண்ணைப் பெருக்கித் தரும் புது நாடு அல்லது மண்டலம்) நழுவலாம். ஆம்ப்ளிஃபயர் எல்லாத் திசைக்கும் ஒரே நேரத்தில் உதவும்.

20 மீட்டரும் அதைவிட அலைநீளம் குறைந்த பேண்டுகளும் (அலைவரிசைகளும்) என்றால் என் ஓட்டு யாகிக்கே. 80 மீட்டரில் அளவு மிகப் பெரிதாகிவிடுவதால் யாகி பெரும்பாலோருக்குக் கனவு. அங்கே ஆம்ப்ளிஃபயர்தான் நடைமுறைக்கு ஒத்துவரும்.