கட்டண மெய்நிகர் வரிசை: வாங்குவதற்கு முன் இரண்டு வரிசையும் சேரும் இடத்தைப் பாருங்கள்

24 இருக்கை கொண்ட ரோலர் கோஸ்டர் ரயில் 72 நொடிக்கு ஒருமுறை கிளம்பினால் மணிக்கு 50 சுற்று, அதாவது 1,200 பேர். கேளிக்கைப் பூங்கா எந்த ஆப்பைக் கொண்டுவந்தாலும் இந்த எண் உயராது. கட்டண மெய்நிகர் வரிசை என்பது, பணம் கட்டியவர் நேரில் நிற்காமல் தன் முறைக்கு வந்து தனி வழியாக நுழையும் ஏற்பாடு. அதில் விற்பது இந்த 1,200-க்குள் ஒரு பங்கைத்தான். மணிக்கு 400 இடம் விற்றால் சாதாரண வரிசைக்கு மிஞ்சுவது 800. முன்னால் 400 பேர் நின்றால் அரை மணி நேரத்தில் ஏறிவிடலாம். இதில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் தொடங்குவது ஒரு ரயில் பழுதாகும்போது. இரண்டு ரயிலில் ஒன்றைக் கழற்றிவிட்டு, ஓட்டம் மணிக்கு 600 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்ற 400 இடத்தை யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள். பணம் கட்டியவர் குறித்த நேரத்துக்கு வந்து நிற்பார். சாதாரண வரிசைக்கு மிஞ்சுவது வெறும் 200. அரை மணி நேரக் காத்திருப்பு இரண்டு மணி நேரமாகிவிடும். ஓட்டம் பாதியாகக் குறைந்தது, ஆனால் இலவசமாக நிற்பவரின் வேகமோ கால்வாசிக்கு இறங்கிவிட்டது. பழுதின் பாரம் முழுவதும் ஒரே பக்கம் விழுகிறது. நியாயம் பற்றிய வாதங்களில் விலையையே எல்லோரும் பேசுகிறார்கள்; என்னைக் கேட்டால் இந்தக் கணக்கைத்தான் முதலில் பேச வேண்டும்.

ரைடு முழுதாக ஒரு மணி நேரம் நின்றுபோனால் இன்னும் மோசம். ரைடு மீண்டும் ஓடத் தொடங்கியதும் அந்த நேரத்துக்குரிய 400 பேரும் சேர்ந்து வருவார்கள். அப்போது கட்டண வரிசையே வாசலில் பாஸைச் சரிபார்க்கும் ஸ்கேனரைத் தாண்டி வெளியே நீளும். அதைக் கண்டால் அவசரமில்லாதவர்கள் முக்கால் மணி நேரமாவது வேறு பக்கம் போய்விட்டு வருவது நல்லது.

பலகையில் போடும் காத்திருப்பு நேரத்தைவிட நம்பகமானது, இரண்டு வரிசையும் சேரும் இடத்தில் ஊழியர் எப்படி ஆள் விடுகிறார் என்பது. வெளியிலிருந்தே தெரிந்தால் ஐந்து நிமிடம் எண்ணிப் பாருங்கள். நான்கு பேரில் மூவருக்கு மேல் கட்டண வரிசையிலிருந்து போகிறார்கள் என்றால் பலகையில் உள்ள நேரத்தை நம்ப வேண்டாம்.

எல்லா முறையும் ஒன்றல்ல. 2001-ல் அமெரிக்காவின் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் ஓவர் ஜார்ஜியா பூங்காவில் வந்த லோ-க்யூ நிறுவனத்தின் க்யூ-பாட், கையில் எடுத்துப்போகும் சிறு கருவி. இந்த வகையின் அடிப்படை நிலையில் மற்றவர் நிற்கும் அதே நேரம் நீங்களும் காத்திருக்க வேண்டும். வரிசையில் நிற்காமல் உலாவலாம், அவ்வளவே. கூடுதல் பணம் கட்டும் மேல்நிலைகளில்தான் காத்திருப்பு சுருங்கும். முதலாவது கால்வலிக்கு விலை, இரண்டாவது முந்துவதற்கு விலை. யுனிவர்சல் பூங்காக்களின் எக்ஸ்பிரஸ் பாஸில் நேரம் குறிக்கும் வேலையே இல்லை. எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஆனால் ஒரு ரைடுக்கு ஒருமுறை மட்டும் செல்லுவது, எத்தனை முறையும் செல்லுவது என இரண்டு வகை உண்டு. வாங்கும்போது அதைக் கவனியுங்கள்.

டிஸ்னியின் கதை வேறு. 1999-ல் தொடங்கிய ஃபாஸ்ட்பாஸ் என்ற விரைவு வரிசைச் சீட்டு இலவசம். 2021-ல் ஜீனி பிளஸ் என்று கட்டணமாகி, 2022-ல் நாளுக்கு நாள் மாறும் விலையாகி, 2024-ல் லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று பெயர் மாறியது. ஃப்ளோரிடாவின் டிஸ்னி பூங்காக்களில் மூன்று ரைடுகளை முன்கூட்டியே பதிவு செய்யலாம்: டிஸ்னி விடுதியில் தங்குபவருக்கு 7 நாள் முன்பு, மற்றவருக்கு 3 நாள் முன்பு. அதிகம் தேடப்படும் சில ரைடுகள் இதில் அடங்காது, தனி விலை. முதல் ரைடைக் காலையிலேயே வைத்துக்கொள்வதுதான் சூட்சுமம். அதை ஸ்கேன் செய்தபின்தான் அடுத்ததைப் பதிவு செய்ய முடியும். மாலையில் வைத்தால் பகல் முழுவதும் பாஸ் தூங்கும்.

நடைமுறையில் தகராறு வருவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். செல்பேசி சார்ஜ் இறங்கிவிடும். பவர் பேங்க் இல்லாமல் போகாதீர்கள். சில ஆப்களில் கியூஆர் கோடு மாறிக்கொண்டே இருக்கும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. குடும்பத்தில் ஒருவர் செல்பேசியில் எல்லாச் சீட்டையும் வைத்துக்கொண்டு அவர் வேறு பக்கம் போய்விட்டால் மற்றவர்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். உயரம் போதாத குழந்தைக்கும் பாஸ் விற்பார்கள், ஏற்றமாட்டார்கள். மழைக்குப் பணம் திரும்ப வருமா என்பதை விதிமுறையில் பார்த்தபின் கட்டுங்கள்.

இலவசமாக இருந்தால் நியாயமாகிவிடுமா? அதுவும் சந்தேகமே. 2019 டிசம்பரில் டிஸ்னி திறந்த ஸ்டார் வார்ஸ் ரைடான ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸுக்கு இலவச மெய்நிகர் வரிசை இருந்தது. பின்னாளில் காலை 7 மணிக்கு வேகமான விரலும் நல்ல சிக்னலும் உள்ளவருக்கே இடம் கிடைத்தது. 2017-ல் திறந்த யுனிவர்சலின் நீர்ப்பூங்கா வால்கேனோ பே, எல்லோருக்கும் டாப்புடாப்பு என்ற கைப்பட்டை கொடுத்தது. ஒரு நேரத்தில் ஒரு சறுக்குக்குத்தான் இடம் பிடிக்க முடியும் என்பதால் கூட்ட நாளில் காத்திருப்பு மணிக்கணக்கில் போனது. அங்கேயும் பின்னர் எக்ஸ்பிரஸ் விற்பனைக்கு வந்தது, கேட்கவா வேண்டும். ஜெர்மனியின் யூரோப்பா பார்க் சில ரைடுகளுக்கு மட்டும் இலவச மெய்நிகர் வரிசை வைத்து, பக்கத்திலேயே சாதாரண வரிசையையும் ஓட்டுகிறது. எனக்கு இது கொஞ்சம் தேவலை என்று படுகிறது.

எல்லா வகைக்கும் பொதுவான இன்னொரு கோளாறு: மெய்நிகராகக் காத்திருப்பவர் மாயமாகிவிடுவதில்லை. அதே நேரத்தில் பக்கத்து ரைடின் வரிசையில் நிற்பார். ஒரே ஆள் இரண்டு வரிசையில். அதனால்தான் முன்பு பத்து நிமிடத்தில் ஏறிய சிறு ரைடுகளிலும் கூட்டம் ஏறுகிறது.

நெடுநேரம் வரிசையில் நிற்க முடியாத மாற்றுத்திறனாளிகளின் நிலை தனி. நிற்காமல் குறித்த நேரத்துக்குத் திரும்பி வர அவர்களுக்குத் தரும் வசதியும் இதே விரைவு வரிசை வழியாகவே போகிறது. அதன் தகுதி விதிகளை 2024-ல் டிஸ்னி இறுக்கியபோது எழுந்த கசப்பு இன்னும் தீரவில்லை.

வாங்கலாமா? பருவச் சீட்டு உள்ளவருக்கும், கதவு திறக்கும் முன்பே வந்து நிற்பவருக்கும் தேவையில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய ரைடுகளை முடித்துவிடலாம். பிரிந்து ஏறச் சம்மதமானால், மிஞ்சும் ஒற்றை இருக்கைகளை நிரப்பும் தனிநபர் வரிசை பல இடங்களில் இலவசம், கட்டண வரிசைக்கு அருகில் வரும் வேகம். ஒரே நாள், விடுமுறைக் கூட்டம், தாமதமாக வருகை என்றால் வாங்குங்கள். அப்போதும் மணிக்குக் குறைவானவர்களையே ஏற்றும் ரைடுக்கு முதலில் நேரம் பிடியுங்கள்; அதுதான் முதலில் தீரும். படகு போல நிற்காமல் ஓடும் ரைடுகளுக்குப் பாஸைச் செலவழிக்க வேண்டாம்.