கணக்கு உதைக்கும் சுக்கினிப் பெட்டி

வங்கியில் 31 ஆண்டுகள் காசாளராக இருந்தவள் நான். சீட்டில் எழுதியதும் கையில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஆகவே, வெள்ளரிபோல நீளக் காய் தரும் பூசணி வகையான சுக்கினியை வீட்டில் வளர்க்க, இணையத்தில் 649 ரூபாய்க்கு வாங்கிய 'வீட்டிலேயே சுக்கினி' பெட்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது குறிப்பு நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இதே போன்ற பெட்டியை இன்று நாலு பேர் விற்கிறார்கள். குறையும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும்.

பெட்டிக்குள் இருந்தவை: எட்டு விதைகள், 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள இரண்டு வளர்ப்புப் பைகள், 650 கிராம் தேங்காய் நார்க்கழிவுக் கட்டி ஒன்று, ஒரு கிலோ மண்புழு உரம், 50 மில்லி வேப்பெண்ணெய், கொடி ஏற்றுவதற்கு ஒரு நைலான் வலை, வழவழப்பான தாளில் ஒரு கையேடு.

முதலில் கொள்ளளவைப் பார்ப்போம். அந்த அளவுப் பை ஒன்று நிரம்ப 22 லிட்டர் மண்கலவை வேண்டும். இரண்டுக்கு 44. நார்க்கட்டியை ஊற வைத்து வாளியால் அளந்தேன். உப்பி வந்தது ஒன்பது லிட்டர். மண்புழு உரத்தையும் சேர்த்தால் பத்தரை. மீதி 33 லிட்டருக்கு நான் எங்கே போவேன்? கையேடு சொல்கிறது: 'பைகளைக் கலவையால் நிரப்பவும்.' அவ்வளவுதான். நார்க்கழிவில் உப்பு இருக்கும், ஊற வைத்த தண்ணீரை இரண்டு மூன்று முறை வடித்துக் கழுவ வேண்டும் என்ற ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். முதல் முறை வடித்த தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் இருந்தது.

வலை அதைவிட வேடிக்கை. சுக்கினி பூசணிக் குடும்பம்தான். ஆனால் வீட்டில் வளர்க்க விற்கும் வகைகள் பெரும்பாலும் கொடியாக ஓடுவதில்லை. நடுத்தண்டு குட்டையாக நின்றுகொள்ள, இலைகள் குடைபோல நாலு பக்கமும் விரியும். செடிக்குச் செடி மூன்றடி இடைவெளி கேட்கும். இது தெரியாமல் நான் குளியலறைச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே வலையைக் கட்டி, என்றைக்கு ஏறும் என்று இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அதில் துண்டு காய்கிறது.

கையேட்டின் முதல் பக்கத்தில், 'கடைசி உறைபனி விலகி இரண்டு வாரம் கழித்து விதைக்கவும்' என்று இருந்தது. நான் இருப்பது கோவை வடவள்ளியில். உறைபனி பார்க்க வேண்டுமானால் மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்கு ஏற வேண்டும். எந்த நாட்டுக்காரருக்கோ எழுதியதை அப்படியே பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் கணக்கு தலைகீழ்: மழை தணிந்து குளிர் தொடங்கும்போது விதைத்து, மாசி வெயில் ஏறுவதற்குள் பறித்து முடிக்க வேண்டும். நான் நவம்பர் 9 அன்று விதைத்தேன்.

விதையைக் குறை சொல்ல மாட்டேன். உறையில் முளைப்புத்திறன் பரிசோதித்த தேதி இருந்தது, காலாவதித் தேதி இருந்தது, இரண்டுக்கும் நடுவே ஒன்பது மாதம் என்பதும் சரியாக இருந்தது. ஆறு விதைகளை ஊன்றினேன். ஐந்தாம் நாள் ஐந்து முளைத்துவிட்டன. அதில் திடமான மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரே உறுத்தல்: விதைகள் இளஞ்சிவப்பாக இருந்தன, விரலில் ஒட்டின. உறையின் பின்புறம், 'பூஞ்சாணக்கொல்லி கலந்தது, உணவாகப் பயன்படுத்தாதீர்' என்று எறும்பு அளவு எழுத்து. பெட்டியின் முன்புறமோ 'முழுவதும் இயற்கை' என்று யானை அளவு எழுத்து. விதைக்கு மருந்து பூசுவது ஊரறிந்த வழக்கம். அதைச் சொல்லிவிட்டு விற்றால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

பை போதாது என்று தெரிந்ததும் 15 அங்குலப் பைகள் மூன்று, ஐந்து கிலோ நார்க்கட்டி, பத்து கிலோ மண்புழு உரம் என்று தனியாக வாங்கினேன். பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டிய செம்மண் இலவசம்.

முப்பத்து மூன்றாம் நாள் பூ வந்தது. கையகலம், நல்ல மஞ்சள். அடுத்த ஒரு வாரமும் பூத்ததெல்லாம் நீளக் காம்பில் வெறும் பூ. பிறகு, அடியில் சுண்டுவிரல் அளவுப் பிஞ்சோடு வந்த பூக்களைப் பார்த்து வீட்டில் இனிப்பு செய்யாத குறை. அந்தப் பிஞ்சுகள் இரண்டு அங்குலம் வளர்ந்தன, நுனி மஞ்சளித்தன, சுருங்கி விழுந்தன. ஒன்றல்ல, தொடர்ச்சியாக ஏழு.

வாடிக்கையாளர் சேவைக்குப் படத்தோடு எழுதினேன். 'தண்ணீரைக் குறையுங்கள் மேடம்' என்று பதில் வந்தது. குறைத்தேன், இலை துவண்டதுதான் மிச்சம். மறுபடி எழுதினேன். 'பஞ்சகவ்யா தெளியுங்கள் மேடம், எங்களிடமே கிடைக்கும்.'

ஒரு நாள் விடியற்காலையில் காப்பியோடு மாடிக்குப் போய், விரிந்த பூக்களின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆறரை முதல் ஒன்பது வரை. தும்பியைப் பார்த்தேன், எறும்பைப் பார்த்தேன். தேனீ ஒன்றுகூட வரவில்லை. ஒன்பதரைக்குப் பூ குடையை மடக்கியதுபோல மூடிக்கொண்டது. விஷயம் அவ்வளவுதான். இந்தச் செடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லாவிட்டால் பிஞ்சு நிற்காது. இரண்டாவது மாடிக்குத் தேனீயை அழைத்துவர என்னால் முடியாது. ஆகவே நானே தேனீயானேன்.

ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களை உரித்துவிட வேண்டும். நடுவில் தீக்குச்சித் தலையைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு தண்டு நிற்கும்; தொட்டால் மஞ்சள்பொடிபோல விரலில் ஒட்டும். அதைப் பெண் பூவின் நடுவே உள்ள பிளவுபட்ட முடிச்சின்மேல் மெல்லச் சுற்றித் தடவ வேண்டும். ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. இலைக்காம்பில் பொடி முள் உண்டு. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், என் முன்கையில் இன்னும் கோடு இருக்கிறது. டிசம்பர் 24 அன்று இப்படித் தடவிய பூவிலிருந்து 30 அன்று 310 கிராமில் ஒரு காய் பறித்தேன். கையேடு பதினாறு பக்கம். ஆண் பூ, பெண் பூ என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. எனக்கு மிகவும் கோபம் வந்தது இங்கேதான்.

அதற்குப் பிறகு செடி என்னை ஓட ஓட விரட்டியது. ஒரு சாண் நீளத்துக்குள் பறித்தால்தான் தோல் இளசாக இருக்கும். பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நான்கு நாள் தங்கிவிட்டு வந்தால், இலைக்கு அடியில் கிரிக்கெட் மட்டைபோல ஒன்று கிடக்கிறது. ஒரு கிலோ அறுநூறு கிராம்! விதையை வழித்தெடுத்து மோர்க்குழம்பில் போட்டேன், வெண்பூசணிக்குச் சளைத்ததல்ல. இளங்காயைப் பாசிப்பருப்புக் கூட்டாகச் செய்தால், அடுப்பில் அது விடும் தண்ணீரே போதும், தனியாக ஊற்றாதீர்கள். என் வீட்டுக்காரர் இரண்டாவது முறை கூட்டுப் போட்டுக்கொண்டு, "சுரைக்காய்க்குத் தங்கச்சி" என்றார். அவரிடமிருந்து இது பெரிய பாராட்டு. மிஞ்சிய ஆண் பூக்கள் பஜ்ஜியாயின.

ஜனவரி மூன்றாம் வாரம் பழுத்த இலைகளில் திருநீறு தூவியதுபோல வெண்மை படர்ந்தது. சாம்பல் நோய். பெட்டியில் வந்த வேப்பெண்ணெய் சிவப்பு வண்டுக்குக் கேட்டது, இதற்குக் கேட்கவில்லை. பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பால் என்று கலந்து வாரம் ஒரு முறை காலை வெயிலில் தெளித்தேன். பாட்டி வைத்தியம் என்று சிரிக்க வேண்டாம். பிரேசிலில் சுக்கினிச் செடியிலேயே இதைச் சோதித்து 1999-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். நோய் போகவில்லை, ஆனால் நடை தளர்ந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் செடிகளைப் பிடுங்கினேன்.

மிச்சமிருந்த இரண்டு விதைகளைப் பிப்ரவரி கடைசியில் போட்டுப் பார்த்தேன். இரண்டும் முளைத்தன. ஏப்ரல் வரை ஆண் பூக்கள் கொட்டின. வெப்பம் கூடினால் இந்தச் செடி அப்படித்தான். காய் ஒன்றே ஒன்று.

வரவு: குளிர்காலச் செடிகளிலிருந்து 23 காய், 6 கிலோ 840 கிராம். செலவு: பெட்டி 649, அனுப்பும் கட்டணம் 70, பைகள் 330, நார்க்கட்டி 240, உரம் 160. ஆக 1,449 ரூபாய். கிலோவுக்கு 212 விழுகிறது. எங்கள் பகுதிக் கடையில் நான் கடைசியாக வாங்கியபோது 110. இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

விதைக்கு ஐந்தில் நாலரை. பெட்டிக்கு இரண்டு. கையேட்டுக்கு ஒன்று, அதுவும் தாளின் தரத்துக்காக. சுக்கினி வளர்க்க ஆசை இருந்தால் விதை உறையை மட்டும் தனியாக வாங்குங்கள். இவர்களே அதைத் தனியாகவும் விற்கிறார்கள், பெட்டிப் பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கிறது. பெட்டியோடு வந்த 12 அங்குலப் பைகள் இரண்டிலும் இப்போது புதினா போட்டிருக்கிறேன். அதற்கு அளவு சரியாக இருக்கிறது.