தானாக அடிக்கும் கார் அலாரம்: ஆறு வருடம் வைத்திருந்ததில் தெரிந்துகொண்டது

என் காரில் இருப்பது கம்பெனியிலேயே வந்த அலாரம் இல்லை, கார் வாங்கிய பிறகு தனியாகப் பொருத்தியது. ஆறு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் அதில் ஒரு குறையும் இல்லை. பூட்டினால் ஒரு பீப், திறந்தால் இரண்டு, அவ்வளவுதான். மூன்றாவது வருடத்தில் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு அலற ஆரம்பித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் காருக்குப் பக்கத்தில் ஈ காக்கை இல்லை. அணைத்துவிட்டு வந்து படுத்தேன், நாற்பது நிமிடத்தில் மறுபடியும். அது முழுதாக அடங்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் நான் செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இதே தொல்லையில் மாட்டிய நாலைந்து பேரிடம் பேசியதில் எல்லாரும் முதலில் அதே தப்பைத்தான் செய்திருக்கிறார்கள்.

அந்த முதல் தப்பு ஷாக் சென்சாரைக் குறைத்து வைத்தது. டாஷ்போர்டுக்குக் கீழே சின்ன டப்பா மாதிரி இருக்கும், அதில் திருகுவதற்கு ஒரு குமிழ். காரைத் தட்டினால், இடித்தால் அதிர்வை உணர்ந்து அலாரத்துக்குச் சொல்வது இதன் வேலை. பல சென்சார்கள் இரண்டு கட்டமாக வேலை செய்யும்: லேசாகத் தட்டினால் இரண்டு மூன்று பீப்போடு எச்சரித்து விட்டுவிடும், பலமாக அடித்தால் முழு சைரன். எனக்கு ஒவ்வொரு தடவையும் எடுத்த எடுப்பிலேயே முழு சைரன்தான் வந்தது. எச்சரிக்கை பீப் ஒரு தடவைகூட வந்ததில்லை. லாரி போகிற அதிர்வு, பூனை குதிப்பது மாதிரி காரணம் என்றால் பாதி நேரமாவது பீப்போடு நின்றிருக்க வேண்டும். இதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. குமிழைக் கடைசிவரை குறைத்தேன். அலாரம் அப்படியும் அடித்தது. சென்சாரை அறவே குறைத்த பிறகும் அடிக்கிறது என்றால் பெரும்பாலும் குற்றம் அதன் உணர்திறனில் இல்லை, அதைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்துவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும். நான் திருப்பி வைக்காமல் நாலு மாதம் விட்டுவிட்டேன். அந்த நாலு மாதமும் யாராவது கண்ணாடியை உடைத்திருந்தால்கூட அது வாய் திறந்திருக்காது, தேவையில்லாத நேரத்தில் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

அடுத்து பேட்டரி. இதைத்தான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற காரில், காலையில் எதையும் போடாமல் டெர்மினலில் வைத்துப் பார்த்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. எனக்கு 12.05 காட்டியது, செல்ஃப் எடுக்கும்போது 9 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. ஆனால் வண்டி தினமும் ஸ்டார்ட் ஆகிக்கொண்டுதான் இருந்தது. ஸ்டார்ட் ஆகிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்து ஏமாந்தேன்.

பேட்டரி வீக் ஆனால் அலாரம் ஏன் அடிக்க வேண்டும்? சில அலாரங்கள் வோல்ட்டேஜையும் கவனித்துக்கொண்டே இருக்கும். யாராவது கதவைத் திறந்தால் ரூம் லைட் எரியும், அந்த நொடியில் வோல்ட்டேஜ் கொஞ்சம் சரியும், அதை வைத்துக் கதவு திறந்துவிட்டது என்று முடிவு செய்யும். தெம்பு குறைந்த பேட்டரியில் ஏதோ ஒரு சின்னக் கருவி விழித்துக்கொண்டாலே அதே அளவு சரிவு வந்துவிடும். விடியற்காலைக் குளிரில் பேட்டரி இன்னும் சோர்ந்துபோகும், என்னுடையது பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் அடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பேட்டரிக்கும் அப்போது நாலு வயது ஆகப்போகிறது. மாற்றினேன். மாற்றும்போது, பேட்டரியின் மைனஸிலிருந்து வரும் எர்த் வயரை பாடியோடு சேர்க்கும் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கிப் போட்டேன். லூசான எர்த்தும் இதே வேலையைச் செய்யும், அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

ஆறு வாரம் சத்தமே இல்லை. பிரச்சினை முடிந்தது என்று எல்லாரிடமும் சொல்லியும்விட்டேன். அப்புறம் ஒரு நாள் நல்ல மழை, அன்று ராத்திரி மறுபடியும் அலறியது.

அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். தேதி, நேரம், மழையா வெயிலா, எங்கே நிறுத்தினேன், கடைசியாக எப்போது ஓட்டினேன், கண்ணாடி முழுதாக ஏற்றியிருந்ததா, டிக்கியைத் திறந்தேனா, கழுவினேனா. பக்கத்து வீட்டு அண்ணன் தினமும் காலையில், “என்ன தம்பி, நேத்தும் அடிச்சுதே” என்று கேட்பார். கோபமாகக் கேட்கவில்லை, ஆனால் அவர் வீட்டில் கைக்குழந்தை இருந்தது, எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். அவரிடமே உதவி கேட்டேன், எனக்குத் தூக்கத்தில் கேட்காமல் போன நேரங்களை அவர் சொன்னார். பதினேழு தடவை பதிவானதும் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். பதினான்கு தடவை, மழை பெய்த அன்றோ அதற்கு மறுநாளோ, இல்லையென்றால் நான் கார் கழுவிய அன்றோ. மாதக்கணக்கில் காரணமே இல்லாமல் அடிக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்த அலாரத்துக்கு, பேட்டரி போக இன்னொரு காரணமும் இருந்திருக்கிறது, தண்ணீர்.

தண்ணீர் நேராகப் போய் உட்காருகிற சுவிட்ச் எது என்று பார்த்தால் பானெட் சுவிட்ச்தான். பானெட்டைத் திறந்ததும் ஓரத்தில் ஒரு சின்னக் குச்சி மேலே எழும்பி நிற்கும், மூடினால் அமுங்கும். சில கார்களில் இது பானெட் லாக்குக்குள்ளேயே இருக்கும். என்னுடையதில் குச்சி எழும்பினால் எர்த் கிடைத்து, பானெட் திறந்திருக்கிறது என்று அலாரத்துக்குத் தெரியும். மழைத் தண்ணீரும் தூசியும் சேர்ந்து உள்ளே ஒரு சேறு மாதிரி படிந்து, மூடியிருக்கும்போதே எர்த் கசிந்துகொண்டிருந்தது. வயரைக் கழற்றிவிட்டு, குச்சியை விரலால் அமுக்கிப் பிடித்து மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பார்த்தேன். தொடர்பே இல்லை என்று காட்ட வேண்டிய இடத்தில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. உங்கள் காரில் சுவிட்ச் இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம், அதாவது மூடியிருக்கும்போது தொடர்பு இருந்து திறந்தால் விட்டுப்போகும் வகை. அதனால் வயரைக் கழற்றி விட்டாலே அலாரம் நின்றுவிடும் என்று எண்ணிவிட வேண்டாம், அந்த வகையில் கழற்றினால் ஓயாமல் அடிக்கும்.

கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்தேன், மூன்று வாரம் தாங்கியது. புது சுவிட்ச் போட்டேன். அப்படியும் ஒரு தடவை அடித்தது, நொந்துபோனேன். பிறகு பார்த்தால் பானெட் உட்காரும் ரப்பர் புஷ் சரியான உயரத்தில் இல்லை, பானெட் அரைக்கால் அங்குலம் தூக்கி நின்றது, புதுக் குச்சி முழுதாக அமுங்கவே இல்லை. புஷ்ஷைத் திருகி இறக்கி, சுவிட்சுக்கு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவியதோடு அந்தத் தொல்லை ஒழிந்தது. மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு தடவைகூடப் பொய்யாக அடிக்கவில்லை.

இவ்வளவு அலைந்த பிறகு தெரிந்த ஒன்று இருக்கிறது, இதை முதலில் தெரிந்துகொண்டிருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். பல அலாரங்கள் எதனால் அடித்தோம் என்பதை நினைவில் வைத்திருக்கும். என்னுடையதில், அடித்து ஓய்ந்த பிறகு ரிமோட்டில் திறந்து சாவியைப் போட்டால் டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு விளக்கு இத்தனை தடவை என்று எண்ணி மினுக்கும். எத்தனை மினுக்கல் என்றால் கதவு, எத்தனை என்றால் பானெட், எத்தனை என்றால் ஷாக் சென்சார் என்று கையேட்டில் ஒரு அட்டவணை இருக்கிறது. மாடலுக்கு மாடல் கணக்கு மாறும். கையேட்டை எடுத்து அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள், சென்சாரில் கை வைப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அதற்கப்புறம் தெரிந்தவர்கள் சிலருக்குக் காரைப் பார்த்துக் கொடுத்தேன். மாமா காரில் உள்ளே அசைவை உணரும் அல்ட்ராசோனிக் சென்சார் இருந்தது. அவர் கண்ணாடியை இரண்டு விரல் இடைவெளி விட்டு நிறுத்துவார், முன்னால் ஒரு தொங்கட்டானும் உண்டு. காற்று புகுந்து அது ஆடினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்றுதானே சென்சார் நினைக்கும்? கண்ணாடியை ஏற்றி, தொங்கட்டானைக் கழற்றினோம், சரியாகிவிட்டது. நண்பர் ஒருவருடைய காரில் சைரனுக்குள்ளேயே தனியாக ஒரு சின்ன ரீசார்ஜ் பேட்டரி இருந்தது, திருடன் கார் பேட்டரியைக் கழற்றினாலும் கத்துவதற்காக வைப்பது. வருடக்கணக்கில் வெப்பத்தில் கிடந்து அது ஒழுகி, சைரனின் போர்டையே அரித்துவிட்டது. அப்படி ஆனால் சைரனை மாற்றுவதுதான் வழி. இன்னொருவருக்குக் காரணம், கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்வதற்காக ஒரு கதவின் லாக்குக்குள் இருந்த மைக்ரோ சுவிட்ச். கதவை மூடிய பிறகும் ரூம் லைட் எப்போதாவது தானாக மினுக்குகிறது என்று அவர் மனைவி முன்பே சொல்லியிருக்கிறார், யாரும் காதில் வாங்கவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். ரிமோட்டில் பேனிக் பட்டன் இருந்தால், இறுக்கமான பாக்கெட்டில் அது அமுங்கி அடிப்பதும் உண்டு. ஒரு ராத்திரி ரிமோட்டை மேசையில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பேட்டரி அடிக்கடி இறங்குகிறது என்றால் கார் நிற்கும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். பூட்டி அரை மணி நேரமாவது விட்டு, காரின் கருவிகள் எல்லாம் தூங்கிய பிறகு அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பது நல்லது. பார்க்கிங் மோடில் ஓடும் டேஷ்கேம் இதைவிடப் பல மடங்கு இழுக்கும்.

பொறுமை இழந்து சைரன் வயரை வெட்டிவிடலாம் என்று ஒரு கட்டத்தில் நானும் கட்டிங் பிளேயரை எடுத்தேன். வெட்டாதீர்கள். பல கார்களில் அலாரமும், திருடன் வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாமல் தடுக்கும் இம்மொபிலைசரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், கண்ட வயரை வெட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். அதுவரை ராத்திரி தூங்க வழி வேண்டும் என்றால் ரிமோட்டை விட்டுவிட்டு சாவியால் கதவைப் பூட்டிப் பாருங்கள். பல கார்களில் அப்படிப் பூட்டினால் அலாரம் விழித்துக்கொள்ளாது.

இந்த அலாரத்தை மறுபடியும் வாங்குவேனா என்றால், வாங்குவேன். மெயின் பெட்டி ஆறு வருடத்தில் ஒரு நாளும் தப்பு செய்யவில்லை, அதற்குப் போன தகவல்தான் தப்பு. பெட்டியோடு கொடுத்த பானெட் சுவிட்ச் மட்டும் மட்டமானது, அடுத்த தடவை பொருத்தும்போதே ரப்பர் உறை போட்ட நல்ல சுவிட்சாகக் கேட்டு, தண்ணீர் வழியாத பக்கம் வைக்கச் சொல்வேன். இப்போது மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு தடவை அந்தக் குச்சியைத் துடைத்து கிரீஸ் வைக்கிறேன், பேட்டரியை அளக்கிறேன். போன வாரம் அளந்தபோது 12.5 இருந்தது.